முதுகில் இருந்த கருநீலம்

வங்காளத்தில் ஒரு போலீஸ் பிணவறையில் நாங்கள் இரண்டு தமிழர்கள் உதவி டாக்டர்களாக இருந்தோம். நான் சேர்ந்து மூன்று வருஷம். அவர் சேர்ந்து ஆறே மாதம். பவானிப்பூரில் ஒரே அறையில் தங்கி, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டோம். இருந்தும் அவரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். எங்கள் மேலதிகாரியான வெள்ளைக்கார சர்ஜன் துரை எதைக் கேட்டாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பார். என் அறிக்கைகளைப் பற்றி, கையெழுத்து அழகாக இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு மழைக்காலத்தில், சியால்தா பக்கமிருந்து ஒரு தையல்காரனின் மனைவியுடைய உடல் வந்தது. முந்தின நாள் மாலை இருவரும் சண்டை போட்டதை அண்டை வீட்டார் கேட்டிருந்தார்கள். காலையில் அவள் பாயில் இறந்து கிடந்தாள். போலீஸார் புருஷனைப் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

உடலைப் புரட்டிப் பார்த்தேன். முதுகெல்லாம் கருநீலம். அடித்துக் கொன்றிருக்கிறான் என்று தீர்மானித்து அப்படியே எழுதினேன். அவர் என் பின்னால் வந்து நின்றார்.

"இது அடியில்லை ஓய். தோள்பட்டையைப் பாரும். பாயிலே அழுந்தின இடம் மட்டும் வெளுத்திருக்கு. அடிக்கிறவன் அப்படி இடம் பார்த்து விட்டுட்டு அடிப்பானா?"

உயிர் போனபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கத்தில் இறங்கித் தேங்கும் என்பதை நானும் படித்தவன்தான். அவர் வாயால் அதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. சோதித்துப் பாருமேன் என்றேன். அவர் அந்த நீலத்தில் கத்தியால் கீறித் தண்ணீர் ஊற்றினார். அடியாக இருந்தால் ரத்தம் சதைக்குள் ஊறி உறைந்திருக்கும், கழுவினாலும் போகாது. போகக் கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். போகாவிட்டால் ஒருவன் தூக்கில் தொங்குவான் என்று தெரிந்தேதான் வேண்டினேன்.

ரத்தம் கழுவிக்கொண்டு போய்விட்டது. இதயத்தைத் திறந்தபோது அதன் வால்வு ஒன்று பென்சில்கூட நுழையாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. அவள் உயிரைக் கொண்டுபோனது அதுதான். துரை வந்து பார்த்தார். என் தாளைக் கிழித்துவிட்டு அவரை எழுதச் சொன்னார்.

ஒரு வாரம் கழித்து, விடுதலையான அந்தத் தையல்காரன் ஒரு சட்டி சந்தேஷோடு வந்தான். அப்போது பிணவறையில் நான் மட்டும்தான் இருந்தேன். டாக்டர்பாபு, நீங்கள்தான் என்னைக் காப்பாற்றினீர்கள் என்று வங்காளியில் சொல்லிக்கொண்டே என் காலில் விழுந்தான். அது நான் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இனிப்பையும் வாங்கிக்கொண்டேன். யாரோ கொடுத்தார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் இரண்டு எடுத்துத் தின்றார்.

இரண்டு வருஷத்தில் அவருக்கு ரங்கூனில் பெரிய உத்தியோகம் கிடைத்தது. கப்பலேற்றிவிடப் போன இடத்தில், அதற்கு மேல் அடக்க முடியாமல் சொன்னேன்.

"அந்தத் தையல்காரன் உமக்கு நமஸ்காரம் பண்ணத்தான் வந்தான். நான் வாங்கிண்டுட்டேன்."

"தெரியும். வாசல்லே என்னைப் பார்த்து, உள்ளே இருக்கிற டாக்டர்தான் காப்பாத்தினார்னு சொல்லி அழுதுட்டுப் போனான்" என்றார்.

அவனைத் திருத்தாமல் விட்டுவிட்டு, என்னிடமும் இத்தனை நாள் வாய் திறவாமல் இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இருந்தது. ஆனால் அதைவிட, இந்தப் பெரிய மனசும் அவருக்கேதானா என்ற எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. கப்பல் நகரும் வரை நிற்காமல் டிராம் பிடித்து வேலைக்குத் திரும்பிவிட்டேன்.