தபோதரன் சொன்ன ஒன்பது மணி

ட்ரியர் நகரிலிருந்து எல்லை தாண்டி லக்சம்பர்க்குக்குப் பஸ் ஓட்டுகிறவர் தபோதரன். இருபத்திரண்டு வருடமாக ஒரு நாள்கூட அவர் பிந்திப் பஸ்ஸை எடுத்தது கிடையாது. தன்னைப் பார்த்து ஜெர்மன்காரர்கள் மணிக்கூட்டைத் திருத்துகிறார்கள் என்று சொல்லுவார். அதில் பாதியைத் தள்ளிவிடலாம். மற்றப் பாதி உண்மைதான். மனுசனுக்குப் பெருமை என்று இருந்தது அது ஒன்றுதான்.

அப்படிப்பட்டவரை நம்முடைய சனத்தின் விசேஷங்களுக்குள் விட்டால் என்ன ஆகும்? பிறந்தநாள் ஐந்து மணிக்கு என்று அட்டை சொன்னால் ஐந்துக்கே போய் நிற்பார். அங்கே பலூன் ஊதிக்கொண்டிருப்பார்கள். அவர் கையிலும் நாலைக் கொடுப்பார்கள். ஏழரைக்கு மற்றவர்கள் வரும்போது அவருக்கு மூச்சு வாங்கும். ஒருமுறை ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம், வீட்டுக்காரரையும் வீடியோக்காரரையும் இவரையும் விட்டால் மிச்சமெல்லாம் ஆள் உட்காராத வெறுங் கதிரைகள். அது அவர் மனதில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மகள் யதுசாவுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை வீடு லக்சம்பர்க்கில், மண்டபமும் அங்கேதான். முகூர்த்தம் பதினொன்றரை. தபோதரன் மூன்று நாள் யோசித்துவிட்டு, அழைப்பிதழில் ஒன்பது என்று அடிக்கக் கொடுத்தார்.

“இஞ்சருங்கோ, இது பொய்யெல்லே?” என்றாள் மனைவி இராஜேஸ்வரி.

“எல்லாரும் செய்யிறதுதானே. ஒன்பதெண்டு போட்டாத்தான் பதினொண்டுக்காவது வருவினம்.”

அட்டையின் பின்பக்கத்தில் வழியும் போட்டார். லண்டனிலிருந்து பறந்து வருகிறவர்கள் விமான நிலைய வாசலில் டிராம் ஏற வேண்டும். பாரிஸ்காரருக்கு ரயில் நிலையத்தில் அதே டிராம். ஜெர்மனியிலிருந்து காரில் வருகிறவர்கள் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு டிராம் ஏற வேண்டும். ‘இந்த நாட்டில் டிராம் இலவசம், டிக்கெட் தேடி அலையாதேங்கோ’ என்று கீழே கோடிட்டும் வைத்தார்.

கல்யாணத்தன்று பத்து மணிக்கு மாலைகளோடு வந்து இறங்கினார். பூட்டிய மண்டபத்துக்கு முன்னால், தூறலில், பட்டுச் சேலையும் குடையுமாக இருநூறு பேர். எட்டு ஐம்பதிலிருந்தே நிற்கிறார்களாம். பொம்பிளை யதுசா இன்னும் தலையலங்காரத்தில். ஐயர் வழியில். சமையல்காரரின் வான் வண்டியைக் காணவே இல்லை.

முன்னால் நின்றவர் செல்வரட்ணம். பீலெஃபெல்டிலிருந்து வந்த பழைய கூட்டாளி. தன் கல்யாணத்துக்கே ஒன்றரை மணித்தியாலம் பிந்திப் போனவர்.

“நீயுமாடா?” என்றார் தபோதரன்.

“ஆர் நேரம் சொன்னாலும் ரெண்டு மணித்தியாலம் கூட்டித்தான் வெளிக்கிடுறனான். இது நீ சொன்ன நேரமெண்டபடியால் கூட்டேல்லை. விடிய மூண்டு மணிக்கு எழும்பி வாறன்.”

தபோதரனின் முகம் கறுத்துப்போனது. பலூன் ஊதிய நாளில்கூட அவருக்கு இப்படி வெட்கம் வந்ததில்லை. ஆனாலும் பஸ்காரன் புத்தி உடனே வேலை செய்தது. “எல்லாரும் டிராமில ஏறுங்கோ, ஊர் பாப்பம்!” என்றார்.

இரண்டு டிராம் நிறைந்தது. விமான நிலையம் வரை போய்த் திரும்பினார்கள். பாரிஸ் மாமி ஒருத்தி, டிக்கெட் இல்லாமல் இருப்புக்கொள்ளாமல், ஒவ்வொரு தரிப்பிலும் பரிசோதகர் ஏறுகிறாரோ என்று வாசலைப் பார்த்துப் பயந்தபடியே வந்தாள். பதினொன்றேகாலுக்கு எல்லாரும் மண்டபத்தில். ஒரு கதிரைகூடக் காலியில்லாமல் தாலி ஏறியது. தப்பிவிட்டோம் என்றுதான் தபோதரன் நினைத்தார்.

அடுத்த மாதம் செல்வரட்ணம் போனில் அழைத்தார். ஞாயிறு கெல்சென்கிர்ச்சனில் ஒரு புதுமனை புகுவிழா, சேர்ந்து போகலாமாம்.

“ஓம், பத்து மணிக்கு கெல்சென்கிர்ச்சன் ஸ்டேஷன் வாசலில நிக்கிறன்” என்றார் தபோதரன்.



“எந்தப் பத்து மச்சான்?”

“பத்துதான்டா!”

ஞாயிறு தபோதரன் ஒன்பதரைக்கே போய் நின்றார். செல்வரட்ணம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார்.