ஐயரம்மாவை வழியனுப்பிய கதை

சிலருடைய அன்பு இருக்கிறதே, அதற்கு விரோதமே தேவலாம். விரோதியிடம் கோபித்துக்கொண்டாவது போய்விடலாம். விழுப்புரம் பக்கம் கெடாரை அடுத்த சேரியின் கிறிஸ்தவச் சபை தெபோராள் அம்மாளிடம் வைத்திருந்தது அந்த ரகத்து அன்பு.

அவள் கணவர் ஆசீர்வாதம் அந்தச் சபையின் போதகர். மக்களுக்கு அவர் ஐயர், அவள் ஐயரம்மா. வந்து வெகுகாலம் ஆன பிறகு, 1934இல், மிஷன் அவரைத் திண்டிவனத்துக்கு மாற்றியது. சேதி வந்த அன்று தெபோராள் அடுப்படியில் தனியாக நின்று சிரித்தாள். ஒரே மகள் கிருபை திண்டிவனத்தில்தான் வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு, தலைப்பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். இனி தாயும் மகளும் ஒரே ஊர்.

பெரியவர்களை வழியனுப்பும்போது வண்டிமாட்டை அவிழ்த்துவிட்டு, ஆட்களே நுகத்தடியைப் பிடித்து எல்லைப் புளியமரம் வரை இழுத்துப்போவது அந்தச் சபையின் வழக்கம். பண்ணையாரின் மாட்டோடு மாடாக வேலை செய்கிறவர்கள். தங்கள் இஷ்டத்துக்கு ஒருமுறை நுகத்தைத் தொடுவதில் அவர்களுக்கு ஒரு பெருமை இருந்தது. அன்றும் பாட்டுப் பாடிக்கொண்டே இழுத்துப்போனார்கள். புளியமரத்தடியில் ஜெபம் முடிந்ததும் ஒருவரும் நுகத்தை விடவில்லை. பெண்கள் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். ஐயருக்கு இளகின மனசு. வண்டியில் உட்கார்ந்தபடியே அவரும் தேம்பித் தேம்பி அழுதார்.

காரியம் கெட்டது அங்கேதான். அவர் அழுகையைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, சபை மூப்பர் சின்னக்கண்ணு நுகத்தை அப்படியே திருப்பினார். வண்டி ஆரவாரமாக வந்த வழியே வீட்டு வாசலுக்குத் திரும்பி வந்தது. நாலு பேர் மிஷன் துரையைப் பார்த்துக் கெஞ்சினார்கள், மாற்றல் ரத்தாயிற்று. இதில் தெபோராளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஐயரும் கேட்கவில்லை. அவர் கெட்டவரில்லை, கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவள் பெட்டி கட்டும்போதெல்லாம் ஏதாவது ஒன்று வந்து நின்றது. ஒரு தடவை ஞானஸ்நானம், ஒரு தடவை அறுப்பின் பண்டிகை, இன்னொரு தடவை வாந்திபேதி. வயலில் விளைந்த மல்லாட்டையும் கேப்பையும் வாசலில் கொண்டுவந்து குவித்தார்கள். தலைவலி என்று படுத்தால் பத்துப் பேர் பாயைச் சுற்றி உட்கார்ந்து ஜெபித்தார்கள். தனியாக அழக்கூட அந்த வீட்டில் மூலை கிடையாது. சேரியில் பாதிப் பிள்ளைகள் பிறந்து விழுந்தது அவள் கையில்தான். கிருபைக்கு மூன்று பிரசவம் ஆயிற்று, ஒன்றுக்கும் தாய் பக்கத்தில் இல்லை. அதை நினைத்தால் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. கேப்பை கொண்டுவந்தவர்களிடம் முகத்தைச் சுளித்துக் காட்டவும் முடியவில்லை.

1939இல் மறுபடி மாற்றல் வந்தது. மறுபடி நுகத்தைப் பிடித்தார்கள், மறுபடி புளியமரம். இந்தத் தடவை தெபோராள் ஐயரின் தொடையை நன்றாகக் கிள்ளி, அழாதீங்க என்று காதில் சொன்னாள். வலியோ பாசமோ, அவர் முன்னைவிட அதிகமாக அழுதார். வண்டி திரும்பியது.

1943இல் ஐயர் விஷக்காய்ச்சலில் இறந்துபோனார். சபைக் கோயில் மதிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். சேரியே மண்ணில் புரண்டு அழ, தெபோராள் மட்டும் அழவில்லை. புத்தி பேதலித்துவிட்டதென்று ஊர் பேசியது. புத்தி நன்றாகத்தான் இருந்தது. இந்தச் சனத்துக்கு முன்னால் கண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று அவள் இரண்டு தடவை பார்த்திருக்கிறாள்.

துக்க நாட்கள் கழிந்ததும், திண்டிவனம் போகிறேன் என்று சின்னக்கண்ணுவிடம் சொல்லி வண்டி கேட்டாள். அவர் சரி என்றும் சொல்லாமல் மாட்டேன் என்றும் சொல்லாமல், கல்லறைக் கல் வந்திருக்கிறது, ஒரு தரம் பார்த்துவிடுங்கள் என்று அழைத்துப்போனார்.

கல்லில் ஐயர் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, 'இவர் பத்தினி தெபோராள்' என்று வெட்டி, இறந்த தேதிக்கு இடம் விட்டிருந்தார்கள். சின்னக்கண்ணுவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கல்தச்சனை விழுப்புரத்திலிருந்து வரவழைத்தார்களாம், அம்மாவுக்கும் பக்கத்திலேயே இடம் ஒதுக்கியாயிற்றாம். தெபோராள் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பெட்டியைப் பூட்டினாள்.

மறுநாள் காலையில் வண்டிக்கார நடராசன் வந்தான். அவள் ஏறி உட்காருவதற்குள் ஆட்கள் மாட்டை அவிழ்க்க வந்தார்கள்.

"அவுக்க வுடாத நடராசு" என்றாள்.

மரியாதைக்குத்தானேம்மா என்று சொல்லி அவிழ்த்தே விட்டார்கள். பாட்டு ஆரம்பித்தது. புளியமரத்தடியில் வண்டி நின்றது. பெண்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். சின்னக்கண்ணு நுகத்தை விடாமல், கண் கலங்க அவளைப் பார்த்தார்.

"நீங்களும் போயிட்டா ஐயரு இங்க தனியா கெடப்பாரும்மா."

"இத்தினி சனத்துக்கு நடுவுல நான்தாங்க இம்மா வருசமா தனியா கெடந்தேன்" என்றாள் தெபோராள். "அவர வச்சிக்கினீங்க. என்ன வுட்டுடுங்க."

சின்னக்கண்ணுவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. துக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரிடம் கண்ணைக் காட்டினார். நுகம் மெல்லத் திரும்பத் தொடங்கியது.

தெபோராள் வண்டியிலிருந்து குதித்தாள். அந்த வயசில் குதிக்கக் கூடாதுதான், முட்டி பிசகிக்கொண்டது. பெட்டியை அவள் கேட்கவில்லை. கெடார் பாதையில் நடந்தாள். வண்டியை இழுத்துத்தான் அவர்களுக்குப் பழக்கம். நடந்துபோகிற ஐயரம்மாவின் கையைப் பிடித்து நிறுத்த யாருக்கும் துணிவு வரவில்லை. கொஞ்ச தூரம் பின்னாலேயே வந்து, பேர் சொல்லாமல் அம்மா, அம்மா என்று கூப்பிட்டார்கள். அம்சவள்ளி என்பவளின் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. அவளுடைய ஐந்து பிள்ளைகளையும் தெபோராள்தான் கையில் வாங்கியிருந்தாள். ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை.

கெடாரில் கரிப்புகை விட்டுக்கொண்டு நின்ற பஸ்ஸில் ஏறி விழுப்புரம் வந்தாள். ரயிலில் பக்கத்துப் பெண்கள் யார் என்ன என்று விசாரிக்கவில்லை. அவள் யாரென்று அந்தப் பெட்டியில் ஒருவருக்கும் தெரியாது. ரயில் நகர்ந்து ஸ்டேஷன் மறைந்த பிறகு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, செத்துப்போன தன் புருஷனுக்காகத் தெபோராள் முதல் தடவையாக அழுதாள்.