ஓங்கிய கையும் எரிகல்லும்

அந்த வருடங்களில் நான் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் கடற்கரைச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். சில தடவை ஒரு நாள், சில தடவை மூன்று நாள். தூக்கம், சாப்பாடு, சண்டை எல்லாம் அந்த வரிசையில்தான்.

அன்றைக்கு மூன்றாம் நாள். இருட்டி ஒரு மணி நேரம் இருக்கும். தெருவிளக்கு எரியவில்லை. கடலரிப்புக்காகக் கொட்டியிருந்த கருங்கற்கள் பக்கம் ஒதுங்கிவிட்டுத் திரும்பினால், என் வண்டிக்கு முன்னால் ஒரு தூத்துக்குடி வண்டி நுழைந்து நின்றது. நுழைந்த வேகத்தில் என் பக்கக் கண்ணாடியையும் உடைத்திருந்தது.

"மூணு நாளா நான் இங்க இன்னாடா பண்ணிகினு கீறேன்?" என்று அந்த வண்டியின் கதவைத் திறந்து, டிரைவரைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்தேன். என்னைவிட இரண்டு வயது இளையவனாக இருப்பான்.

"கேட்டுட்டுதாம்ணே வந்தேன். பின்னால நின்னவங்க போகச் சொன்னாவ."

நான் காதில் வாங்கவில்லை. முகத்தில் குத்தினேன். அவன் தலையால் முட்டியதில் என் உதடு கிழிந்தது. ரத்தம் வாய்க்குள் போனதும் எனக்கு எதுவும் தெரியவில்லை. திறந்து கிடந்த அவன் வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பானரை உருவினேன். முதல் அடி அவன் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அத்தோடு நின்றிருக்கலாம். கீழே விழுந்தவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி, தலையைக் குறிவைத்து ஓங்கினேன். சுற்றி நின்ற டிரைவர்கள் யாரும் தடுக்கவில்லை. "போடு மாமு அவன" என்று ஒரு குரல்கூட வந்தது.

"அண்ணே, மேல பாருங்கண்ணே" என்றான்.

ஏமாற்றுகிறான் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவன் முகம் வெளுத்தது. மூக்கில் வழிந்த ரத்தம், கன்னத்து மணல், திறந்த வாய் எல்லாம் பட்டப்பகல் போலத் தெரிந்தன. பக்கத்துக் கண்டெய்னரில் என் நிழல் விழுந்திருந்தது. என் கை ஓங்கியபடி அப்படியே நின்றது. நிழல் மட்டும் தகரத்தின் மேல் நகர்ந்து போனது.

நிமிர்ந்தேன். கடல் மேலிருந்து ஒரு நெருப்பு உருண்டை வந்துகொண்டிருந்தது. பச்சை கலந்த வெள்ளை. வெல்டிங் வெளிச்சம் போலக் கண் கூசியது. துளி சத்தமில்லை. எங்கள் தலைக்கு மேலே கடந்து, எண்ணெய் ஆலைகள் இருக்கும் மணலிப் பக்கம் மூன்று துண்டாகச் சிதறி அணைந்தது. ஓரிரு நிமிடம் கழித்துத்தான் இடி போல ஒன்று உருண்டு வந்தது.

"ஆயில் டாங்க் வெடிச்சிடுச்சு, ஓடுங்கடா!" என்று எவனோ கத்தினான். எல்லோரும் ஓடினார்கள். அவனை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

கரையில் வலையோடு நின்றிருந்த மீனவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். "டாங்க்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. எரிகல்லுப்பா. கடல்ல எத்தினியோ பாத்துகீறேன், இம்மாம் பெருசு பாத்ததில்ல."

திரும்பி வந்தபோது அவன் டயரில் சாய்ந்து, உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் உடம்பை ஒடுக்கினான்.

"இன்னும் அடிக்கணுமாண்ணே?"

ஸ்பானர் என் கையிலேயே இருந்தது அப்போதுதான் தெரிந்தது. கீழே போட்டேன். துண்டால் அவன் கையைக் கழுத்தோடு கட்டி, ஆட்டோவில் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எப்படி அடிபட்டது என்று டாக்டர் கேட்டார். "வண்டியிலருந்து விழுந்துட்டேன்" என்றான். நான் பக்கத்திலேயே நின்றேன்.

இரண்டு வருடம் கழித்து அதே சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் வந்து நின்றான். வண்டி ஓட்டுகிறானாம். முழங்கைக்குக் கீழே எலும்பு கோணலாகத்தான் சேர்ந்திருந்தது.

"அந்த வெளிச்சம் வரலன்னா அடிச்சிருப்பியளாண்ணே?"

"அடிச்சிருப்பேன்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன்" என்றான். ஒரு டீ சொன்னேன். வேண்டாம் என்று போய்விட்டான்.