நோன்பு நாவில் ஒரு சொட்டு

கரண்டி நுனியில் எடுத்த தக்காளி சாஸை ஊதி ஆற்றி, நாக்கில் வைத்து, கண்ணை மூடி மூன்று வரை எண்ணுகிறார் தில்ஷாத் பேகம். பிறகு கழுவுதொட்டியில் துப்பி, வாய் கொப்பளித்து அதையும் துப்புகிறார். உத்தனப்பள்ளி சாலையில் உள்ள சாஸ் ஆலையில் தரம் பார்ப்பவர் அவர். ரம்ஜான் மாதம் முழுக்க, நோன்போடு, மணிக்கொரு தரம் இதே வேலை. மாசி வெயிலில் வறண்டு கிடக்கும் நாக்கில் இனிப்பும் புளிப்புமாக ஒரு சொட்டு விழுகிறது, தொண்டைக்குள் இறங்குவதில்லை. பாட்டிலுக்கு மூடி போடும் மாதேஸ்வரி மூன்று வருடமாக இதைப் பார்க்கிறாள். இன்னும் அவளுக்கு மலைப்பு தீரவில்லை.

வாசலில் எல்லோருடைய நகத்தையும் வளையலையும் சோதிப்பவரும் தில்ஷாத்தான். ஆனால் முதலில் தம் கைகளை மாதேஸ்வரியிடம் நீட்டுவார். "மொதல்ல என்னையப் பாரும்மா." சும்மா தலையாட்டினால் விடமாட்டார். சாஸ் அரபு நாட்டுக்குப் போவதால் ஆலைக்கு ஹலால் சான்று உண்டு. கறியே சேராத பண்டத்துக்கு ஹலால் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார். "கறி வெட்டறது மட்டுமா ஹலாலு? அழுக்க சுத்தம்னு சொல்லி விக்கறதும் ஹராம்தான்."

ஒருநாள் மாதேஸ்வரி கேட்டேவிட்டாள். "நோன்புல ருசி பாக்கலாமுங்களா மேடம்? ஒரு சொட்டு உள்ள போனா யாருக்குத் தெரியப்போவுது?"

"வேலைக்குன்னா பாக்கலாம், முழுங்கத்தான் கூடாது. யாருக்குத் தெரியப்போவுதுன்னு நெனச்சா நோன்பும் போச்சு, சாஸும் போச்சு" என்றார் தில்ஷாத், கரண்டியைக் கழுவிக்கொண்டே.

போன வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ருசி பார்த்தவர் முகம் சுளித்தார். "கிரீஸ் வாடை அடிக்குது சார். கிண்டற மெஷின்ல இருந்து ஒழுகுதோ என்னமோ. நிறுத்திப் பாக்கணும்."

மேலாளர் இளம்பரிதிக்குத் தூக்கிவாரிப்போட்டது. துறைமுகத்துக்குப் போகும் லாரி வாசலில் நிற்கிறது. அவரும் ருசி பார்த்தார், மாதேஸ்வரியும் பார்த்தாள். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. "டெஸ்ட் எல்லாம் ஓகேன்னு காட்டுது. காலைல இருந்து காஞ்ச வாய் மேடம், தண்ணிகூடக் கசக்கும்" என்றார்.

"இருக்கலாம் சார்" என்றார் தில்ஷாத், கோபப்படாமல். "நோன்பு தொறந்துட்டு இன்னொரு தடவ பாக்கறேன். அதுவரைக்கும் லாரி நிக்கட்டும்."

தவறு அவர் வாயில்தான் என்றாகிவிட்டால், மறுநாளிலிருந்து அந்த நாக்கை ஆலையில் யாரும் நம்பமாட்டார்கள். அது அவருக்கும் தெரியும். மாதேஸ்வரிக்குக் கைவேலை ஓடவில்லை.

ஆறரைக்குக் கைபேசியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. ஒரு பேரீச்சம்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். நிதானமாகக் குடித்து, வாய் கொப்பளித்து, கரண்டியை எடுத்தார் தில்ஷாத். நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். லாரியை அனுப்பக் கையெழுத்து வாங்க வேண்டிய தாளோடு இளம்பரிதி பக்கத்திலேயே நின்றார். மாதேஸ்வரி தானும் எண்ணினாள்: ஒன்று, இரண்டு, மூன்று.

நோன்பு முடிந்துவிட்டது, இனி விழுங்கத் தடையில்லை. தில்ஷாத் மூன்று மணிக்குச் சுளித்த அதே முகத்தோடு கழுவுதொட்டிக்கு நடந்துபோய்த் துப்பினார்.