அரைப் பங்குக்காரனின் மெடல்

மாசிலாமணி அந்தக் குப்பத்துக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அடையாறு கடலில் சேரும் இடத்துக்குத் தெற்கே இருந்த குப்பம் அது. வெளியூரிலிருந்து வந்தவனுக்கு அங்கே மீனில் அரைப் பங்குதான். வலையை மட்டும் முழுதாக இழுக்க வேண்டும். எத்தனை வருஷத்துக்கு அரைப் பங்கு என்று யாரும் வகுத்துச் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் சிலருக்கு லாபம் இருந்தது.

கூறு போடுவதற்கு ஒரு முறை உண்டு. மீனை மணலில் கூறு கூறாகக் குவிப்பார்கள். ஒருவன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். பெரிய வலைக்குச் சொந்தக்காரரான பக்கிரி ஏதாவது ஒரு கூறைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். திரும்பி நிற்பவன் வாய்க்கு வந்த பெயரைச் சொல்வான். சொன்னால் சொன்னதுதான். மாசிலாமணியின் பெயர் விழுந்த கூறில் மட்டும் பாதியை அள்ளிப் பக்கிரியின் கூடையில் போட்டுவிடுவார்கள். மிச்சத்தை அவன் மனைவி தேசம்மா தூக்கிக்கொண்டு மயிலாப்பூர் வரை நடந்து விற்றுவிட்டு வருவாள். முழுக் கூடை என்றாலும் அதே தூரம்தானே என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள்.

அவனை யாரும் பாதியாக நினைக்காத இடம் ஒன்றே ஒன்று, சடுகுடு ஆடும் இடம். பெரிய வலையை இழுக்கும் ஏழு பேரும்தான் குப்பத்து அணி. மாசிலாமணி பாடிக்கொண்டு போனால் எதிர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் கடைசிக் கோடு வரை ஒதுங்குவார்கள். கடலுக்கு அடியில் சிக்கிய வலையை முங்கி முங்கி எடுத்துப் பழகிய நெஞ்சு அது, லேசில் மூச்சு விடாது.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்து நாலில் மந்தைவெளி மைதானத்தில் ஒரு போட்டி நடந்தது. சுந்தரராமன் என்ற ஓய்வுபெற்ற தலைமைக் குமாஸ்தா, ஜெயிக்கிற அணிக்கு ஒரு கோப்பையும், நன்றாக ஆடும் ஒருவனுக்கு ஒரு வெள்ளி மெடலும் கொடுப்பதாக அறிவித்திருந்தார். கடைசி ஆட்டத்தில் குப்பத்து அணியும் மயிலாப்பூர் அச்சாபீஸ்காரர்களும் மோதினார்கள். நடுவர் இனாயத், கச்சேரி ரோட்டுப் பக்கம் தையல் கடை வைத்திருந்தவர். ஊதல் ஊதினால் ஊதியதுதான் என்று பெயர் எடுத்தவர்.

குப்பம் எடுத்த இருபத்து மூன்று பாயிண்டில் பதினைந்து மாசிலாமணியுடையது. அச்சாபீஸ்காரர்கள் இருபத்து நாலு எடுத்தார்கள். கடைசியாகப் பாடி வந்தவனின் காலைக் குப்பத்து அணியின் மிக்கேல் பிடித்தான். பிடித்த விரல் ஒடிந்தது, கால் நழுவிக் கோட்டைத் தொட்டுவிட்டது. அதோடு எல்லாம் முடிந்தது.

மெடல் மாசிலாமணிக்கு என்று இனாயத் சொன்னதும் ஜெயித்தவர்கள் கூச்சல் போட்டார்கள். தோற்றவனுக்கு மெடல் கொடுத்தால் ஜெயித்ததற்கு என்ன மதிப்பு என்று கேட்டார்கள். சுந்தரராமனுக்கே அது நெருடலாகத்தான் இருந்தது. இனாயத் அசரவில்லை.

"கோப்பை ஜெயிச்சவங்களுக்கு. அத்த குடுத்தாச்சி. மெடல் ஆடுனவனுக்கு. இவன விட நல்லா ஆடுனவன் ஒர்த்தன காட்டுங்க, இவன்கிட்டர்ந்து வாங்கி அவனுக்கு மாட்டி வுடறேன்" என்றார்.

யாரையும் காட்ட முடியவில்லை. மாசிலாமணி மெடலை வாங்கிக்கொண்டான். யாரும் பாதியை அள்ளிக்கொள்ளாத ஒரு பொருள் அவன் கைக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அன்று இரவு அதை இடுப்பு வேட்டியில் முடிந்துகொண்டே தூங்கினான்.

தலைவலி காலையில் வந்தது. வலை இழுத்து முடித்து மீனைக் கொட்டியதும் மிக்கேல், கட்டுப் போட்ட விரலைத் தூக்கிக் காட்டினான். தோற்றது ஏழு பேரும், மெடல் மட்டும் ஒருவனுக்கா என்றான். கரைக்கு வந்தது எதுவானாலும் கூறு போட வேண்டியதுதானே என்றான் வடிவேலு. அந்த ஆட்டத்தில் அவன் எடுத்தது ஒரு பாயிண்ட். மற்றவர்களும் தலையாட்டினார்கள். மெடலை வெட்டவா முடியும்? பக்கிரிதான் வழி சொன்னார்: மீனை ஆறு கூறாக வைப்பது, மெடல் ஏழாவது கூறு. யார் பெயர் விழுகிறதோ அவனுக்கு.

மாசிலாமணி பக்கிரியிடம் நிதானமாகக் கேட்டான்.

"நைனா, தோத்ததுல நான் முழு ஆளு. மெடல்லயும் ஏழுல ஒரு ஆளுன்றீங்க. மீன்ல மட்டும் எப்டி நான் அர ஆளு? மெடல்ல சரிக்குச் சரி கூறுன்னா, இன்னிலர்ந்து மீன்லயும் சரிக்குச் சரி குடுங்க."

மற்ற ஆறு பேரும் பக்கிரியைப் பார்த்தார்கள். அவர்களுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. அந்தப் பாதி போய்க்கொண்டிருந்தது பக்கிரியின் கூடைக்குத்தான். நியாயமாகத்தான் கேட்கிறான் என்று மிக்கேலே சொல்லிவிட்டான். நியாயம் அடுத்தவன் கூடையிலிருந்து போவதாக இருந்தால் எல்லாருக்கும் சீக்கிரம் புரிந்துவிடுகிறது.

பக்கிரி லேசுப்பட்டவர் இல்லை. மாசிலாமணியின் தோளில் தட்டிச் சிரித்தார்.

"இன்னாத்துக்குடா இந்தப் பேச்சு? நீ ஆடுன, நீ வாங்குன. மெடல நீயே வச்சிக்க. மீனு எப்பவும் போல போய்க்கினு இருக்கட்டும்" என்றார்.

மாசிலாமணி முடிச்சை அவிழ்த்து மெடலைக் கையில் எடுத்தான். அவனுக்கு அது வேண்டும். உயிரை விட்டு ஆடி வாங்கியது, அவனுக்கு மட்டும் என்று ஒருத்தர் வாய்விட்டுச் சொல்லிக் கொடுத்தது. தேசம்மா கூடையோடு எட்ட நின்றுகொண்டிருந்தாள். கூடையைக் கீழே வைக்கவில்லை.

"மெடல கூறுல வைங்க நைனா" என்றான்.

வடிவேலு கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான். பக்கிரி ஒவ்வொரு கூறாகத் தொட்டார். மூன்றாவதாகத் தொட்டது மெடலை. வடிவேலு மிக்கேல் பெயரைச் சொன்னான். ஐந்தாவது கூறு மாசிலாமணிக்கு விழுந்தது. பாதியை அள்ள யாரும் குனியவில்லை. தேசம்மா வந்து மொத்தத்தையும் வாரிப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேர் கை கொடுத்துத்தான் கூடையைத் தலைக்கு ஏற்ற வேண்டியிருந்தது.

கூச்சல் போதும் என்று அடுத்த வருஷம் சுந்தரராமன் மெடலே கொடுக்கவில்லை. ஒருநாள் மீன் கூடையோடு தையல் கடை வழியாகப் போன தேசம்மாவை நிறுத்தி, அந்த மெடலைப் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா என்று இனாயத் கேட்டாராம். தலமேல கீது பாய், எறக்கி வைங்க, காட்டறேன் என்று அவள் சொன்னாளாம். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் வந்து சொன்னபோது மாசிலாமணியும் சேர்ந்துதான் சிரித்தான்.

மிக்கேல் அந்த மெடலின் பின்பக்கத்தில் தன் பெயரை வெட்டி வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை அதைச் சட்டையில் குத்திக்கொண்டு அவன் மாதா கோயிலுக்குப் போகும்போது மட்டும், மாசிலாமணி கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான்.