பேத்திக்கு வந்த அக்கி

உனுக்கு இன்னாத்துக்குமே அந்தக் கதை? அடுத்த வூட்டு வம்புன்னா காதைத் தீட்டிகினு வந்துடுவே. செரி, குந்து. மூஞ்சியச் சுளிச்சே, பாதியிலயே எழுந்து பூடுவேன்.

போன வருசம் மழைக்கு முன்னாடி, இதே ராயபுரத்துல, எங்க வூட்ல நடந்தது. எம் பேத்தி எண்ணூர்ல கன்டெய்னர் ஆபீஸ்ல வேலை செய்றா. இருபத்திநாலு வயசு. புடிச்ச பையனோட கண்ணாலம் பேசி வெச்சிருந்தோம். திடீர்னு ஜொரம். தண்ணிகூட குடிக்கல. ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதாம், அந்த பயம். அவ அம்மாக்காரி, எம் மருமவ, பாத்துட்டா. கீழ கொப்புளம். "எவன் கூடடி சுத்துன?"ன்னு பளார்னு ஒண்ணு உட்டா.

எனுக்குப் படிப்பா, இன்னாவா? கொப்புளம்னா அக்கி. பானை செய்றவரைக் கூட்டியாந்து, வந்த எடத்துல காவியால சிங்கம் எழுதுனா அடங்கிடும்னேன்.

"எங்க, ஆயா, எழுதுவாரு?"ன்னு சிரிச்சா பேத்தி. எனுக்கே வெக்கமா பூட்ச்சி.

சிரிச்சது அதோட சரி. மறுநாளு பாத்ரூம்ல தாழ் போட்டுகினா. கூப்ட்டா சத்தமே இல்ல. நாலு வூடு தள்ளி ஒரு பொண்ணு இப்பிடித்தான் கதவ சாத்துச்சி. ஒடச்சி, பொணமாத்தான் எடுத்தாங்க. அவ அம்மா ஊருக்குச் சொன்னது, "வயித்துவலி". அது இன்னா வயித்துவலின்னு நமக்குத் தெரியாதா?

கதவாண்ட போயி, "அடியே, அவசரம்டீ. இருக்கறது ஒரே பாத்ரூமு, கெய்விய நாறடிச்சிடாதே"ன்னு கத்துனேன்.

தொறந்தா. கையில துப்பட்டா. அதைப் புடுங்கி என் தோள்ல போட்டுகினு, "வா, ஆட்டோ நிக்கிது"ன்னேன்.

டாக்டரம்மா சாதாரணமா சொல்லிச்சி: "ஹெர்பீஸ், பாட்டி. இந்த வயசுப் பசங்க கிட்ட ரொம்ப சகஜம். நெறைய பேருக்கு இருக்கிறதே தெரியாது, தெரியாமலே அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. அடியோட போகாது, திரும்ப வரலாம். மாத்திரை போட்டா அடங்கும். அந்தப் பையனையும் வரச் சொல்லுங்க."

பையன் வர்ல. போனே எடுக்கல. கண்ணாலமும் நின்னு பூட்ச்சி.

தண்ணி லாரியாண்ட அல்லாரும் கேட்டாளுங்க, பேத்திக்கு இன்னான்னு. வயித்துவலின்னு சொல்ல வாய் வர்ல. "அக்கி, டாக்டராண்ட மாத்திரை வாங்குனோம்"னேன். அப்பால பாரு, ஒருத்தி கொடத்த வெச்சிட்டு என் காதாண்ட வந்தா. "எம் புள்ளைக்கும் அந்த அக்கிதாம்மே. எந்த டாக்டரு?" அடுத்த நாளு இன்னொருத்தி.

கடைசியா அந்த வயித்துவலிக்காரி வந்தா. கொடம் ரொம்பி வழியுது, அவ பாக்கல. "எம் பொண்ணுக்கும் அந்தக் கொப்புளந்தான்க்கா. அதுக்கு மாத்திரையா கீது?"

கீதுன்னு அவகிட்ட சொல்ல எனுக்கு நாக்கு எழல. அதான் இப்ப, கேட்டாலும் கேக்காட்டியும், சந்து முழுக்கக் கேக்கற மாதிரி கத்திச் சொல்றேன்: கீதுடீ, மாத்திரை கீது.