சிவப்பில் நின்ற இரட்டை மரம்

பினாங்கு மலைச்சரிவில் கல்லறை எழுத்துகளுக்கு வண்ணம் தீட்டும் லிம் கைக் சுவானுக்குப் பள்ளிக்கூடம் எட்டாக்கனி. ஆனாலும் தன் குடும்பப்பெயரின் சீன எழுத்தை எங்கே கண்டாலும் படித்துவிடுவாள். ஒட்டி நிற்கும் இரண்டு மரங்கள், பொருள் தோப்பு. அவளுக்கு அது லிம். கான்டனீஸ் பேசும் மீன்கடைக்காரருக்கு லம், அதுவும் குரலைத் தாழ்த்தி இறக்கி. ஓட்டலில் அறை கூட்டிய காலத்தில் ஒரு ஜப்பானியர் அதையே எழுதிக் காட்டி ஹயாஷி என்றார். கொரியாக்காரி ஒருத்தி இம் என்றாள். வியட்நாமிலிருந்து வந்த மருமகள் ஞானின் குடும்பப்பெயரும் அதே எழுத்து, அதே லம். ஆனால் அவள் குரல் இறங்காது, நேரே போகும்.

"ஒரே எழுத்த வச்சுக்கிட்டு ஊருக்கு ஒரு வாய்" என்று மருமகளைச் சீண்டுவாள்.

கல்லறைக் கல்லில் உயிரோடு இருப்பவர் பெயர் சிவப்பு, இறந்துபோனவர் பெயர் தங்கம். கணவன் இறந்ததும் மனைவி பெயரையும் சேர்த்துச் செதுக்கி, அவள் காலம் முடியும்வரை சிவப்பிலேயே விட்டுவைப்பார்கள். நிறம் மாற்றுமுன் கைக் சுவான் பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டை வீசி, போனவரிடமே கேட்பாள். ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க விழுந்தால் ஆமாம். மூன்று முறை ஆமாம் வந்தால்தான் தூரிகையைத் தொடுவாள். மற்றவர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

முன்னோர் கல்லறைகளைத் துப்புரவாக்கிக் கும்பிடும் செங் பெங் மாதத்தில் ஒரு காலை யாப் கோக் மெங் என்பவர் வந்து தன் பூட்டனின் கல்லைக் காட்டினார். பக்கத்தில் மனைவி பெயர் இன்னும் சிவப்பு.

"அந்தம்மா எங்க போனாங்க, எங்க செத்தாங்க, ஒண்ணும் தெரியாது அக்கா. இருந்தா நூத்தி இருவது வயசு. தங்கம் அடிச்சுடுங்க."

"எந்த ஊர்ப் பொண்ணு?"

"யாரு கண்டா? கல்லுல இந்த ஒரு எழுத்துதான் இருக்கு."

இரட்டை மரம். லிம், நீ போய்விட்டாயா என்று கேட்டு வீசினாள். இல்லை. மீன்காரர்போல லம் என்றாள். இல்லை. ஹயாஷி, இம், எதற்கும் இல்லை. கடைசியில் மருமகள் சொல்கிற மாதிரி நேராக, லம். ஆமாம். மறுபடியும் கூப்பிட்டாள், ஆமாம். மூன்றாவதும் ஆமாம். நிம்மதியாகத் தங்கம் தீட்டினாள். அது காய்வதற்குள் கோக் மெங் காரேறிப் போய்விட்டார்.

மதியச் சோற்றோடு மேலே வந்த ஞானின் முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னை யாரோ கூப்பிட்டாங்க, மா. எங்க ஊர்ல கூப்பிடற மாதிரியே. வர்றேன்னு பதில் சொல்லிட்டேன்."

"எத்தன தடவ?"

"மூணு."

கைக் சுவான் துணியைத் தின்னரில் நனைத்துத் தங்கத்தைத் தேய்த்து எடுத்தாள், மேலே சிவப்பைப் பூசினாள். இவளை விட்டுவிடு என்று வீசினாள். இல்லை. திரும்ப வீசினாள். இல்லை.

"குளிருது, மா" என்றாள் ஞான், கொளுத்தும் வெயிலில்.

மகன் கட்டிக்கொண்டு வந்த நாளில் இவளை வேண்டாவெறுப்பாகத்தான் வீட்டுக்குள் விட்டாள். இப்போது இவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"நீ கீழ போ. யாரு கூப்பிட்டாலும் வாயத் தெறக்காத."

"நீங்க?"

"தூரிகையக் கழுவணும்ல. போடி."

ஞான் வளைவு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுக் கல்லுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"இங்க ஒரு லிம் இருக்கேன். அதே எழுத்துதான். அந்தப் புள்ளைய விட்டுட்டு என்னைக் கூப்பிடு."

வீசினாள். ஆமாம். ஆமாம். ஆமாம்.

சிவப்பின்மேல் தங்கத்தைத் தீட்டினாள். ஒரு கோடுகூட வழியவில்லை. கீழே ஞானின் மோட்டார்சைக்கிள் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்ததும் முதுகுக்குப் பின்னால், ரொம்பப் பக்கத்தில், யாரோ அவளை லிம் என்று கூப்பிட்டார்கள்.

"வர்றேன்" என்றாள்.